கழுவிய வயிறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று விடுதியில் எண்பது பெண்களும் சொல்வார்கள். சொல்லட்டும். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் வீட்டுக்காரரைக் கரண்டியால் அடிக்காமல் விட்டேனே, அது எவ்வளவு பெரிய பொறுமை என்றும் அவர்களே சொல்லட்டும்.

நான் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியின் தலைமைச் சமையல்காரி. எனக்குக் கீழே மூன்று பேர். அதில் மூத்தவளுக்குக் காரக்கை என்று பட்டப்பெயர். மிளகாய்த்தூள் டப்பாவை அவள் கையில் கொடுத்தால் அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை மூன்று தரம் நிரப்ப வேண்டும். மற்றபடி தங்கமானவள். பெண்கள் என்னைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே சொல்வதற்கில்லை.

போன வருஷம் ஏதோ ஒரு கடலில் ஏதோ இரண்டு நாட்டுக்காரர்களுக்குத் தகராறு. கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் எங்கள் அடுப்பும் நின்றது. பதினோரு நாள் கேஸ் சிலிண்டர் வரவில்லை. அந்தச் சண்டைக்காரர்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் என் அடுப்பை அணைத்தவர்கள் அவர்கள்தான். எண்பது பெண்களும் பதினோரு நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் வாழைப்பழத்தைப் பார்த்ததும் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள்.

அதற்கப்புறம் விடுதி நிர்வாகத்தில் பெரிய கூட்டம். பாதிப் பேர், சமையலறையை இழுத்து மூடிவிட்டுச் சாப்பாட்டை வெளியே ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். பாதிப் பேர், சிலிண்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்ததுதான் தப்பு, நம் குப்பையிலிருந்தே எரிவாயு எடுக்கலாம் என்றார்கள். செயலாளர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார். அவர் ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்.

"ஆறு மாசம் டைம் தர்றேன். ஆறாவது மாசம் கடைசி வியாழக்கிழமை நான் சாப்பிட வருவேன். அன்னைக்கு மதியச் சாப்பாடு சிலிண்டரைத் தொடாம வேகணும். வெந்தா சமையலறை இருக்கும். இல்லைன்னா அடுத்த மாசத்துலேர்ந்து சாப்பாடு வெளியிலேர்ந்து வரும்" என்றார்.

சாப்பாடு வெளியிலிருந்து வந்தால் நாங்கள் நாலு பேரும் வெளியில் போகவேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சமையலறைக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு தொட்டி வந்து இறங்கியது. கீழே ஒரு பெரிய தொட்டி, அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்த இன்னொரு தொட்டி. காய்கறித் தோலும் மீந்த சோறும் தண்ணீரில் கரைத்து ஒரு குழாய் வழியாக ஊற்ற வேண்டும். உள்ளே வாயு சேரச் சேர மேல்தொட்டி எழும்பும். அதை அமைத்த பொறியாளர் சின்னப் பெண், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. "அக்கா, இதைத் தொட்டின்னு நினைக்காதீங்க. வயிறுன்னு நினைங்க. உள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி கோடி உயிர் இருக்கு. நீங்க போடறதை அதுங்க தின்னுட்டு விடற ஏப்பம்தான் உங்க கேஸ்" என்றாள்.

அன்றிலிருந்து அதற்கு வயிறு என்றே பெயர். முதல் மாதம் அது ஒரு மூச்சுகூட விடவில்லை. இரண்டாம் மாதம் அடுப்பில் நீலமாய் ஒரு சுடர் வந்தது. நாங்கள் நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம், காரக்கை அந்தச் சுடரில் பால் காய்ச்சிப் பொங்கி வழிய விட்டாள். நாலாம் மாதம் காலை டீயும் மதியச் சோறும் அதிலேயே. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் நான் போய்ப் பார்ப்பது அதன் முகத்தைத்தான். மேல்தொட்டி நன்றாக எழும்பி நின்றால் அன்றைக்கு யாருக்கும் திட்டு கிடையாது.

இதெல்லாம் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. அவர் முப்பது வருஷம் டேங்கர் லாரி ஓட்டியவர். ஒரு பெரிய தொழிற்சாலையின் கொதிகலனுக்கு எண்ணெய் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதம் முன்னால் அந்தத் தொழிற்சாலை எண்ணெயை விட்டுவிட்டு உமிக்கு மாறியது. உமி வந்தது, இவர் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்தித்தாளை நாலாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டால் வலது கால் தானாக பிரேக் மிதிக்கும்.

"எண்ணெய்னா எண்ணெய். உமி, சாணி, வெங்காயத் தோலு, இதெல்லாம் ஒரு எரிபொருளா? அடுத்தது என்ன, தும்மல்ல வண்டி ஓட்டுவாங்களா?" என்பார்.

"ஓட்டுவாங்க. உங்க குறட்டையில ஒரு பஸ்ஸே ஓட்டலாம்" என்பேன் நான்.

அப்படிப் பேசினேனே தவிர, அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் என்று தோன்றினால் எனக்கு அது திட்டாகத்தான் வாயில் வரும், என்ன செய்ய. ஒரு வேலையும் இல்லாமல் ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது கொடுமை.

ஆறாவது மாதக் கடைசியில், அந்த வியாழக்கிழமைக்கு முந்தின வாரம், கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை என் கடைக்குட்டித் தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. நான் போயே ஆகவேண்டும். காரக்கையும் மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன்.

"காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. கரைச்சு ஊத்தணும். அவ்வளவுதான். வேற எதையும் தொடாதீங்க" என்றேன்.

"ரெண்டு வாளி ஊத்தறதுக்கு இவ்வளவு வியாக்கியானமா? நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றார்.

தங்கைக்குப் பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக விடுதிக்கு வந்தேன். பின்கட்டுக் கதவைத் திறந்ததும் கண் கூசியது. தொட்டி பளபள என்று மின்னியது. புதுப் பச்சை பெயின்ட். மேல்தொட்டியில் சிவப்பில், டேங்கர் லாரிகளில் இருக்குமே, அதே கொட்டை எழுத்தில் 'எளிதில் தீப்பற்றும்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கல்யாண போட்டோவில்கூட அப்படி நிற்காதவர், நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பெயின்ட் அடிச்சீங்களா?" என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எட்டு மாதமாக விரலசைக்காத மனுஷன் எனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறார்.

"பெயின்ட் கிடக்கட்டும். உள்ளே எட்டிப் பாரு. உன் முகம் தெரியும்."

"உள்ளேயா?"

"மூடியைத் திறந்தா ஒரே நாத்தம். ஆறு மாசமா இதை யாரும் கழுவவே இல்லையா? பட்டறையிலேர்ந்து சங்கிலியும் கப்பியும் வாங்கிட்டு வந்து, மேல்தொட்டியைத் தூக்கி, அரை நாள் காத்தாட விட்டு, பம்ப் வச்சு அத்தனை கசடையும் தோட்டத்துக்கு இறைச்சு, சோப்புத்தூள் போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஏழு தரம் அலசினேன். ஒரு டேங்க்குல முந்தின சரக்கோட வாசனைகூட மிஞ்சக்கூடாது. அதுதான் எங்க தொழில்ல முதல் பாடம்."

சங்கிலியில் தொங்கிய மேல்தொட்டிக்குக் கீழே நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். அடியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் கிடந்தது. அதில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் வர்ணிக்க விரும்பவில்லை.

தோட்டத்துக்கு ஓடினேன். கசடெல்லாம் சோப்புத் தண்ணீரோடு மண்ணில் ஊறி வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. வயிற்றைக் கழுவியதோடு விடாமல் குடலையும் காயப்போட்டிருந்தார்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் பயந்தார். முப்பது வருஷத்தில் எனக்குச் சத்தம் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

பொறியாளர் பெண்ணுக்கு போன் போட்டேன். "கழுவிட்டாரா? சோப்பு போட்டா?" என்று கேட்டாள். பிளீச்சிங் பவுடரும் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, உள்ள இருந்த அத்தனை உயிரும் போச்சு. புதுசா சாணி கரைச்சு ஊத்தி ஆரம்பிச்சா ஒரு மாசம் ஆகும். ஒரே ஒரு வழி இருக்கு. ஏற்கெனவே நல்லா வேலை செய்யற இன்னொரு தொட்டியிலேர்ந்து உயிரோட இருக்கற கரைசலைச் சூடு ஆறாம கொண்டு வந்து ரொப்பணும். அப்படின்னா மூணு நாலு நாள்ல சுடர் வரலாம். வரலாம்னுதான் சொல்றேன்."

"அது எங்க கிடைக்கும்?"

"நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுப் பண்ணை இருக்கு. ஐயாயிரம் லிட்டர் வேணும். எப்படிக் கொண்டு வருவீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. போனில் பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது. "உயிரா?" என்றார் மெதுவாக. "உயிர் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

"நூறு தரம் சொன்னேன். நீங்க பேப்பர் மடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஐயாயிரம் லிட்டரா? கூழ் மாதிரி இருக்குமா, தண்ணி மாதிரியா? இறக்கற குழாய் எத்தனை அங்குலம்? எவ்வளவு நேரம் சூடு தாங்கணும்?" கேட்கக் கேட்க முதுகு நிமிர்ந்தது. எட்டு மாதமாக நான் பார்க்காத ஒரு மனிதர் அந்த வாளியிலிருந்து எழுந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் ஒரு சுற்றுக் குறைந்தது, ஒரே ஒரு சுற்றுதான்.

டேங்கர் கிடைப்பது லேசில்லை. எண்ணெய் ஏற்றிய டேங்கர் ஆகாது, மிச்ச எண்ணெயே இதுகளைக் கொன்றுவிடும். குடிநீர் லாரிக்காரர் எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் என்ன சரக்கு என்று கேட்டு, போனை வைத்துவிட்டார். பால் லாரிக்காரரிடம் கேட்கவே எங்களுக்குத் துணிவில்லை. கடைசியில் சாலை போடுகிற இடத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஒன்று மாட்டியது. அதன் சொந்தக்காரர் இவரோடு முன்பு ஓட்டியவர். "கழுவித் திருப்பிக் குடுத்துடு" என்றாராம்.

"கழுவறதுக்கு நம்ம ஆளுக்குச் சொல்லித் தரணுமா?" என்றேன்.

லாரியை எடுத்தபோது நான் வழக்கம்போல வாசலிலேயே நின்றேன். எண்ணெய் டேங்கரில் டிரைவரையும் கிளீனரையும் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது, அது கண்டிப்பான விதி. அதனால் முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவர் லாரியில் உட்கார்ந்ததில்லை. அவர் கதவைத் திறந்து, "ஏறு" என்றார்.

"நானா?"

"சாணிக்கு விதி ஒண்ணும் கிடையாது. ஏறு."

ஏறினேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஊரே வேறு மாதிரி இருக்கிறது. வீடுகளின் மொட்டைமாடிகூடத் தெரிந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பேச்சே மாறிவிடுகிறது. இந்த வளைவில் எப்போதும் மாடு நிற்கும், இந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், இந்தப் பாலத்தில் ஒரு முறை நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

பண்ணைக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாலு மாடுகள் திரும்பிப் பார்த்தன. "கழுவினாரா? நிஜமாவா? எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டார். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க, எப்படியும் வயலுக்குத்தான் விடறோம்" என்றார். என் வீட்டுக்காரர் அசடு வழிய நின்றார். ஆனால் குழாயை மாட்டுவதிலும் ஏற்றுவதிலும் அசடு கிடையாது. அளவுகோலை விட்டுப் பார்த்து, "ஐயாயிரம், சொட்டு குறையாம" என்றார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. ஊருக்குள் நுழைந்ததும் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் பிரேக் அடித்தார். "கெட்டியா பிடிச்சுக்கோ!" என்று கத்தினார். நான் கைக்கு அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது ஒரு நீளமான கம்பி. பிடிக்க வாகாக இருந்தது, கொஞ்சம் கீழே இறங்கிக்கொடுத்தது. சைக்கிள் போயிற்று, லாரி கிளம்பியது, நான் பயத்தில் விடவில்லை. பின்னால் யார் யாரோ கத்தினார்கள். இந்தத் தெருவில் எப்போதும் சத்தம்தான் என்று நினைத்தேன்.

நான் பிடித்திருந்தது, தண்ணீர் தெளிப்பதற்குத் திறந்துவிடுகிற கம்பி.

அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு சட்டென்று திரும்பி என் கையைத் தட்டிவிடுவதற்குள் கடைத்தெரு முழுக்க இரண்டு பக்கமும் சீராக, அழகாக, உயிரோடு இருக்கிற கரைசல் தெளிக்கப்பட்டிருந்தது. சலவைக்கடைக்காரர் வெளியே மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், என்னய்யா லோடு இது?"

"எரிபொருள் சார்" என்றார் என் வீட்டுக்காரர், கம்பீரமாக. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைப் பரிகாசம் இல்லாமல் சொன்னார்.

"எரிபொருளா? முதல்ல இங்கேர்ந்து எடுத்துட்டுப் போ. அப்புறமா கேஸ் எழுதறேன்."

விடுதிக்கு வந்ததும் அவர் மறுபடி அளவுகோலை விட்டார். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டாயிரம் லிட்டர் போயிடுச்சு" என்றார். பண்ணையில் போய் மறுபடி எடுக்க முடியாது, லாரியைச் சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் செய்தது தெரியாமல் செய்த தப்பு. நான் செய்ததும் தெரியாமல்தான், ஆனால் லாரி கிடைக்கும்வரை அவரைப் பிழிந்தெடுத்தவள் நான். இப்போது அவர் முறை என்று காத்திருந்தேன். திட்டுவார், திட்டட்டும்.

அவர் திட்டவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முப்பது வருஷத்துல நான் ஒரு சொட்டு சிந்தினதில்ல. நீ ஏறின முதல் நாளே ஒரு தெருவுக்கு ஊத்திட்டியேடி!" என்றார். நானும் சிரித்தேன். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நாங்கள் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இருந்த மூவாயிரத்தை ஊற்றினோம். மிச்சத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். திங்கட்கிழமை மேல்தொட்டி அசையவில்லை. "பசிக்குமேன்னு அள்ளிப் போடாதீங்க அக்கா, இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வயிறு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் பொறியாளர் பெண். என் வீட்டுக்காரர் சின்னக் கிண்ணத்தில் அளந்து அளந்து ஊற்றினார். வெயில் இறங்கினால் தொட்டியைச் சுற்றிச் சாக்கு போர்த்தினார். எங்கள் குழந்தைகள் கைக்குழந்தையாக இருந்தபோது இதில் பாதி செய்திருந்தால் நான் எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை மேல்தொட்டி நாலு விரல் எழும்பியது. வந்த வாயு பற்றவில்லை, வெளியே விட்டோம். புதன்கிழமை தீக்குச்சியைக் காட்டினோம். பக்கென்று நீலமாய் ஒரு சுடர். ஆனால் தொட்டி பாதிக்கு மேல் எழும்பவே இல்லை. எண்பது பேர் சாப்பாட்டுக்கு அது காணாது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

விடுமுறை முடிந்து எல்லாரும் திரும்பியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை காரக்கை என்னை மாவுமூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு சிலிண்டர் இருந்தது. குழாய்கூட மாட்டி வைத்திருந்தாள்.

"அக்கா, மூட்டையை நகர்த்தி யாரு பார்க்கப்போறாங்க? சுடர் குறைஞ்சா இதைத் திறந்துவிட்டுடறேன். நாலு குடும்பம் பொழைக்கும்" என்றாள்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, ரொம்ப ஆசையாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "முப்பது வருஷம் சீல் உடைக்காம சரக்கு இறக்கினவன் நான். என் கண் முன்னாடி கலப்படம் வேணாம்மா." அவரே சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார். காரக்கை என்னைப் பார்த்தாள். நான் அரிசியைக் களையப் போய்விட்டேன்.

பதினொன்றரைக்குச் செயலாளர் வந்தார். எல்லா அடுப்புக்கும் பின்னால் குனிந்து பார்த்தார். மாவுமூட்டையையும் நகர்த்திப் பார்த்தார். காரக்கைக்கு வியர்த்து ஊற்றியது. சோறு வெந்தது. பருப்பு வெந்தது. உருளைக்கிழங்கு அடுப்பில் ஏறியபோது சுடர் சுண்டுவிரல் அளவுக்கு இறங்கியிருந்தது. நான் மூடியைப் போட்டேன். மனசுக்குள் ஏதேதோ வேண்டிக்கொண்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது பெண்களும் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் கூடத்தில் நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. சுடர் இரண்டு முறை துடித்தது, அணைந்தது.

செயலாளர் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டார். நறுக்கென்று சத்தம் கேட்டது. கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

"வேகலை" என்றார்.

"வேகலை சார்" என்றேன். "தொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஆறு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இதெல்லாம் ஒரு மணி நேரத்துல வெந்திருக்கும்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கொன்னது நான் சார்" என்றார். "சுத்தம் பண்றேன்னு சோப்பு போட்டுக் கழுவிட்டேன். உள்ள உயிர் இருக்குன்னு எனக்குத் தெரியலை. இவங்க மேல தப்பில்லை. இவங்க நாலு பேரையும் வெளியே அனுப்பாதீங்க." முப்பது வருஷத்தில் ஒரு தப்பைத் தப்பு என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னால், எனக்காக, சொன்னார்.

"இவர் மட்டும் இல்ல சார்" என்றேன். "மறுபடி உயிர் குடுக்க இவர் ஐயாயிரம் லிட்டர் ஏத்திட்டு வந்தார். அதுல ரெண்டாயிரத்தைக் கடைத்தெருவுல தெளிச்சது நான்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "அது நீங்கதானா?" என்றார். தன் வெள்ளைச் சட்டையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அது புதுச்சட்டை என்று கவனித்தேன். முதலில் கடைசி வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. ரேஷன் கார்டுக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார், அவராலும் முடியவில்லை.

சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம மத்த ரெண்டு விடுதியிலயும் இதே மாதிரி தொட்டி வச்சோம். ரெண்டும் செத்துக் கிடக்கு. எப்படிச் செத்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியலையாம். தானா செத்துச்சாம். நான்தான் கொன்னேன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். செத்ததை நாலு நாள்ல எழுப்பி சோறு, பருப்பு வரைக்கும் வந்திருக்கீங்க. சமையலறை இருக்கட்டும். ஆனா மூணு தொட்டிக்கும் சேர்த்துப் பொறுப்பா ஒரு ஆளைப் போடணும். யாரைப் போடலாம், நீங்களே சொல்லுங்க."

"இவரைப் போடுங்க" என்றேன்.

"கழுவினவரையா?"

"ஆமா சார். கொன்னு பார்த்தவருக்குத்தானே அது எதனால சாகும்னு தெரியும்?"

செயலாளர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வேகாத கிழங்கை எடுத்துக் கடித்தார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அடுப்புப் புகை கண்ணுல பட்டுடுச்சு" என்றார்.

அந்த அடுப்பில் புகையே வராது. எரிந்தாலும் வராது, அப்போது அது அணைந்து வேறு கிடந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.